ஒரே எண்ணில் இரண்டு பாயிண்ட்

கன்ட்ரோலரில் எண்ணைத் தட்டிவிட்டு, பொத்தானை அழுத்துமுன் கண்ணாடிக்கடைக்காரர் தொண்டையைச் செருமிக்கொள்வார், ஏதோ பெரிய ஜங்ஷனில் அறிவிப்புச் செய்யப் போகிறவர் மாதிரி. மேசையின் மறுகோடியில் 'டிக்' என்று சின்னச் சத்தம் கேட்கும். தண்டவாளம் இரண்டாகப் பிரிகிற இடத்தில், விரல் நீளப் பாயிண்ட் தன் நாக்கைப் புரட்டும். பொம்மை ரயில் பக்கத்துத் தடத்துக்கு வழுக்கிப் போகும். "சொன்ன பேச்சு கேக்குது பாருங்க. இந்த வீட்ல இது ஒண்ணுதான்" என்பார், மனைவி காதில் விழும்படியாகவே.

பகலெல்லாம் மூக்குக்கண்ணாடிகளுக்குத் திருகாணி முடுக்குகிற கை. மாலையானால் வீட்டின் பின்னறையில் ரயில். தண்டவாளத்தில் தூசி தெரிந்தால் வந்த விருந்தாளியைக்கூட முறைப்பார். ஒயர் வேலை முழுக்க மச்சினனுடையது. அவர் லிஃப்ட் மெக்கானிக். நாலு வார்த்தை பேசினால் அதிகம். ஒவ்வொரு பாயிண்டின் அடியிலும் அதைத் திருப்ப, தீப்பெட்டி அளவுக்கு ஒரு மின்பெட்டி உண்டு. அதற்கு எண் கொடுக்கிற உரிமையை மட்டும் நம்மவர் யாருக்கும் விட்டதில்லை. "பேர் வைக்கிறது நான்தான்" என்பார்.

எங்கள் பொம்மை ரயில் சங்கத்தின் கண்காட்சிக்கு அவருடைய மேசையையே கொண்டுபோயிருந்தோம். அன்று அரங்கு கொள்ளாத கூட்டம். சரக்கு வண்டியை, வண்டிகள் நிற்கும் யார்டுக்குள் விட நம்மவர் பொத்தானை அழுத்தினார். யார்டுப் பாயிண்ட் திரும்பியது. கூடவே, விரைவு வண்டி வந்துகொண்டிருந்த தடத்திலும் ஒரு பாயிண்ட் திரும்பிவிட்டது. வண்டி தடம் மாறி, ஓரமாய் நின்ற ரயில் பெட்டியில் மோதியது. எங்கள் சங்கத்துத் தபால்காரர் ஒரு வருடமாக மரத்தில் இழைத்த பெட்டி அது. தரையில் விழுந்து இரண்டாகப் பிளந்தது.

கண்ணாடிக்கடைக்காரர் மச்சினன் பக்கம் திரும்பினார். "ஒயரை ஒழுங்கா மாட்டத் தெரியாதா? இதுல லிஃப்ட் வேற ரிப்பேர் பண்றான். ஏறுறவங்க கதி என்ன?"

நாங்கள் சிரித்தோம். மச்சினன் உடைந்த பெட்டியைப் பொறுக்கி மேசைமேல் வைத்தார். ஸ்க்ரூடிரைவரைப் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

வீட்டில் ஒவ்வொன்றாகச் சோதித்தபோதுதான் விளங்கியது. புதிதாகச் சேர்த்த பாயிண்டுக்கு, யார்டுப் பாயிண்டின் எண்ணையே அவசரத்தில் இவர் கொடுத்திருக்கிறார். ஒரு எண்ணைக் கூப்பிட்டால் இரண்டும் திரும்பாமல் என்ன செய்யும்? எண்ணை மாற்ற ஒரு நிமிடம் ஆகவில்லை. மச்சினன் வீட்டுக்குப் போகத்தான் கால் வரவில்லை. தெருமுனை வரை போவார், திரும்பிவிடுவார். கேட்டால் "ஆளில்லை" என்பார். மனைவிக்கா தெரியாது?

"முகத்துல முழிக்க வெக்கமா இருந்தா முதுகைக் காட்டிக்கிட்டாவது சொல்லிட்டு வாங்க" என்றாள் ஒருநாள்.

போனார். உள்ளே வரச் சொல்லியும் வாசலிலேயே நின்றாராம்.

"தப்பு என்னுது மாப்ளே. ரெண்டுக்கும் ஒரே நம்பரைக் குடுத்தது நான்."

"தெரியும் அத்தான். ரெண்டும் சேர்ந்து திரும்பினப்பவே தெரியும்."

"அப்பவே சொல்லியிருக்கலாமே?"

"அவ்வளவு பேர் முன்னாடியா?"

இதை என்னிடம் சொன்னபோது கண்ணாடிக்கடைக்காரர் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். செய்த தப்பைவிட, அந்த மனிதர் அதை மறைத்துத் தன் மானத்தைக் காத்ததுதான் அவரை அதிகமாகத் தின்றது.

அடுத்த கூட்டத்துக்கு மச்சினனையும் அழைத்து வந்தார். தபால்காரர் உட்பட எல்லோர் முன்னும், அன்று வாசலில் சொன்னதையே ஒரு சொல் குறையாமல் சொன்னார். அன்று சிரித்த நாங்கள் தரையைப் பார்த்தோம். சங்கடம் தாங்காமல் மச்சினன்தான் கன்ட்ரோலரை எடுத்து, "ஓட்டுங்க அத்தான்" என்று நீட்டினார்.

"இன்னிக்கு நீ ஓட்டு மாப்ளே" என்று கண்ணாடிக்கடைக்காரர் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார்.