மஞ்சள் நூல் போன வழி

போன ஞாயிற்றுக்கிழமை மாலை என் மகள் போனை எடுக்கவில்லை. கல்லூரியில் படிக்கிறாள், கொக்கி ஊசியால் குரோஷா பின்னுகிறாள். அவளைப் போலவே பின்னுகிறவர்கள் சேர்ந்து போனில் ஒரு குழு வைத்திருக்கிறார்கள். முகம் பார்த்தறியாத அவர்கள் எல்லாரும் நகரத்துப் பூங்கா ஒன்றில் கூடுவதாகவும், ஆளுக்கொரு நூல் பந்து கொண்டுபோய் மாற்றிக்கொள்வதாகவும் சொல்லிவிட்டுத்தான் போனாள். சொன்ன நேரத்துக்கு வரவில்லை. மணி அடித்துக்கொண்டே இருந்தது. நான் வீட்டைப் பூட்டிக்கொண்டு திருவொற்றியூர் மெட்ரோ நிலையத்து வாசலுக்குப் போய் நின்றேன். இறங்கி வரும் ஒவ்வொரு தலையாகப் பார்த்தேன்.

கடைசியில் சிரித்துக்கொண்டே படியிறங்கி வந்தாள். என்னைப் பார்த்ததும் பையிலிருந்து ஒரு பந்தை எடுத்துத் தலைக்கு மேலே தூக்கிக் காட்டினாள்.

“ம்மா, இந்தக் கலரப் பாரேன், செம்மயா இல்ல?” கிட்டே வந்ததும் அவள் முகம் மாறியது. “ஐயோ, போன் சைலண்ட்ல இருந்துச்சும்மா. இதுக்குப் போயி யாராவது அழுவாங்களா?”

அங்கேயே, போகிறவர் வருகிறவர் பார்க்க, அவளைக் கத்தித் தீர்த்தேன். அவளுக்குச் சொல்ல முடியாததை இங்கே எழுதி வைக்கிறேன்.

எனக்கு அப்போது எட்டு வயது. எங்கள் வீடு அத்திப்பட்டு புதுநகரில். அம்மாவுக்குக் கடற்கரை நிலையத்துக்கு அருகே ஓர் அலுவலகத்தில் தட்டச்சு வேலை. அரையாண்டு விடுமுறையில் என்னைப் பார்த்துக்கொள்ள வீட்டில் ஆள் இல்லாததால் தினமும் கூடவே அழைத்துப் போவாள். அலுவலகத்தில் எனக்கு ஒன்றுமே பிடிக்காது. மாலை ரயிலுக்காகத்தான் காத்திருப்பேன்.

அந்த ரயிலின் பெண்கள் பெட்டியில், கடைசி மூலை இருக்கைகளில், அம்மாவின் கூட்டாளிகள் இருப்பார்கள். யாருக்கும் பெயர் கிடையாது. இறங்கும் ஊர்தான் பெயர். விம்கோ நகர் அக்கா, கத்திவாக்கம் அக்கா, எண்ணூர் அக்கா. அம்மாவை அவர்கள் ‘புதுநகரு’ என்றே கூப்பிடுவார்கள். உறவும் இல்லை, ஒரே தெருவும் இல்லை. ஒருநாள் ஒருத்தி மடியில் வைத்துப் பின்னிக்கொண்டிருந்ததை இன்னொருத்தி எட்டிப் பார்த்து, “இந்தப் பூ எப்டி போட்ட?” என்று கேட்டதில் தொடங்கிய பழக்கம்.

அவர்களிடம் ஒரு வழக்கம் இருந்தது. பின்னுவது ஒரே துணி, ஊசியும் ஒன்றே. ஒருத்தியின் ஊர் வந்ததும், பின்னிய கண்ணி அவிழாமல் ஊக்கு மாட்டி அடுத்தவள் மடியில் வைத்துவிட்டு இறங்குவாள். அடுத்தவள் ஊக்கைக் கழற்றி விட்ட இடத்திலிருந்து தொடருவாள். ஆட்கள் இறங்குவார்கள்; துணி இறங்காது. கடைசியாக அம்மா அதை வீட்டுக்கு எடுத்து வந்து மறுநாள் காலை திரும்பக் கொண்டுபோவாள். அப்படிப் பின்னி முடித்த வாசல் திரை முறைவைத்து ஒவ்வொரு வீட்டுக்கும் போகும். விம்கோ நகர் அக்காவின் கண்ணி இறுக்கமாக இருக்கும், கத்திவாக்கம் அக்காவுடையது தொளதொளவென்று. திரையைத் தடவிப் பார்த்தே இது எந்த ஊர், ரயில் எங்கே போய்க்கொண்டிருந்தது என்று என்னால் சொல்ல முடியும். அதைவிடப் பெரிய மாயம் உலகத்தில் இருக்க முடியாது என்று நினைத்திருந்தேன்.

அன்றைக்கு எங்கள் வீட்டுத் திரைக்கு முறை. மாம்பழ மஞ்சளில் நூல். கத்திவாக்கம் அக்கா பின்னி முடித்த வரிசையை எண்ணூர் அக்கா விரலில் மாட்டிப் பார்த்தாள்.

“இன்னாடி இது, பூனையே பூந்து போவும் போல கீது?”

“ஆமா, நீ பெரிய பின்னல்காரி. உம் புருசனோட வலைய வுட இது எவ்ளோ மேலு.”

“வலையப் பத்திப் பேசாத. அதுலதான் எங்கூட்டு அடுப்பு எரியுது.” முகத்துவாரக்குப்பத்திலிருந்து வருகிறவள் எண்ணூர் அக்கா. சொல்லிவிட்டு அவள்தான் முதலில் சிரித்தாள்.

பந்தைப் பிடித்துக்கொள்வது என் வேலை. கத்திவாக்கம் அக்கா அதை என் கையில் வைத்து விரல்களை மடக்கிவிட்டாள். “கண்ணு, பத்தரம். கடையில இதான் கடைசி. இந்தச் சாயம் மறுக்கா வராது. போச்சின்னா உங்கூட்டுத் தெர அரையோட நிக்கும்.”

ராயபுரத்தில் கூட்டம் ஏறியது. நெருக்கியதில் நான் கொஞ்சம் கொஞ்சமாக வாசல் பக்கம் தள்ளப்பட்டுக் கீழே உட்கார்ந்துகொண்டேன். அம்மா யாரோ ஒரு பெண்ணுக்குப் பூ போடச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தாள். ஊசி விம்கோ நகர் அக்காவிடம். புடவைகளுக்கும் கால்களுக்கும் நடுவே நூல் நெளிந்து நெளிந்து அவளிடம் போனது. ஆட்களைப் பார்க்க முடியாவிட்டாலும் நூல் இழுபடுவது தெரிந்தது. எனக்கு அது போதும்.

திருவொற்றியூரில் ஒரு மீன் கூடை என் தோளில் இடித்தது. பந்து கையிலிருந்து நழுவி நடைமேடையில் விழுந்து உருண்டது. நான் யோசிக்கவே இல்லை. இந்தச் சாயம் மறுபடி வராது. இறங்கி ஓடிப் பந்தை எடுத்தேன். திரும்பும்போது ரயில் நகர்ந்துகொண்டிருந்தது.

பந்து என் கைக்குள் உயிருள்ளது போலச் சுழன்றது. நூல் உள்ளங்கையை அறுத்துக்கொண்டு ஓடியது. நானும் கூடவே ஓடினேன். பந்து சிறுத்துச் சிறுத்து, உள்ளே இருந்த அட்டை உருளை மட்டும் கையில் நின்றது. தொலைவில் எங்கேயோ நூல் அறுந்தது. ரயிலின் முதுகு சின்னதாகிப் போயிற்று.

நான் அழவில்லை. நடைமேடை முழுக்க மஞ்சள் கோடு கிடந்தது. அது மேடையின் சரிவில் இறங்கி, நிலக்கரித் தூசி படிந்த கருங்கல் ஜல்லியின் மேல் பளிச்சென்று போய்க்கொண்டே இருந்தது. கடைசி முனை அம்மா இருக்கும் பெட்டியில்தானே இருக்கும்? சுற்றிக்கொண்டே போனால் நூலும் கிடைத்துவிடும், அம்மாவும் கிடைத்துவிடுவாள். சரிவில் இறங்கினேன். குனிந்து, அட்டை உருளையில் சுற்றியபடி, தண்டவாளங்களுக்கு நடுவே நடக்கத் தொடங்கினேன். நூல் முடிந்த இடத்திலும் நிற்கவில்லை. முன்னால் எங்கேயாவது மிச்சம் கிடக்கும் என்று பார்த்துக்கொண்டே போனேன். ஒரு சிக்னல் கம்பத்தருகே இன்னொரு துண்டு கிடைத்தபோது எனக்குத் தலைகால் புரியவில்லை.

பெட்டிக்குள் நடந்ததைப் பின்னாளில் அம்மா சொல்லித் தெரிந்துகொண்டேன். ஊசி வெடுக்கென்று இழுபட்டதும் விம்கோ நகர் அக்கா தலைநிமிர்ந்தாள். பந்தும் இல்லை, பிள்ளையும் இல்லை. அவளும் அம்மாவும் கூட்டத்தைப் பிளந்துகொண்டு வாசலுக்கு வருவதற்குள் விம்கோ நகர் வந்துவிட்டது. அம்மா எதிர் நடைமேடைக்கு ஓடினாள், திருவொற்றியூர் போகும் ரயிலைப் பிடிக்க. விம்கோ நகர் அக்கா ரயிலுக்குக் காத்திருக்கவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டுத் தண்டவாளத்தில் இறங்கி வந்த வழியே ஓடினாள். அதற்குள் யாரோ ஒருத்தி, கவுன் போட்ட பிள்ளை ஒன்று அடுத்த பெட்டியில் நின்றதைப் பார்த்தேன் என்று சொல்லிவிட்டாள். எது நிஜம் என்று தெரியாததால் மற்ற இருவரும் ரயிலிலேயே தேடிக்கொண்டு போனார்கள்.

நான் தலைநிமிர்ந்தபோது தூரத்தில், தண்டவாளத்தை விட்டுத் தள்ளி, முள்செடிகளின் ஓரமாக ஜல்லிச் சரிவில் விம்கோ நகர் அக்கா உட்கார்ந்திருந்தாள். மாலையில் முற்றத்தில் காற்று வாங்க உட்காருகிறவர்களைப் போல. அவள் கையில் அறுந்த நூல் துண்டு ஒன்று இருந்தது.

“இன்னா கண்ணு, நூலு சுத்திக்கினு வர்றியா?” தினமும் பேசும் குரல்தான்.

“ஆமாக்கா. நெறைய சுத்திட்டேன்.”

“ஏங்கையில சிக்கு வுழுந்துட்ச்சி பாரு. எனுக்குக் கண்ணு தெர்ல. இப்டிக்கா எறங்கி வந்து எடுத்துக் குடு.”

“இந்த நூலு இன்னும் இருக்குக்கா.”

“அது எங்க போவப் போது? மொதல்ல இத்த வந்து பாரு. உன்னாலதான் முடியும்.”

என்னால்தான் முடியும் என்று அதுவரை யாரும் சொன்னதில்லை. தண்டவாளத்தைத் தாண்டிச் சரிவில் இறங்கிப் போனேன். அவள் தன் மடியில் என்னை இழுத்து வைத்துக்கொண்டு நூலை என் கையில் கொடுத்தாள். அப்போதுதான் எனக்குப் பின்னால் சங்கு ஊதியது. துறைமுகத்திலிருந்து நிலக்கரி ஏற்றிக்கொண்டு வரும் சரக்கு ரயில், நான் நடந்துவந்த அதே தண்டவாளத்தில் போனது. அவ்வளவு பக்கத்தில் நான் ரயிலைப் பார்த்ததே இல்லை. பூமி அதிர்ந்தது. கறுப்பு மலைகள் ஒன்றன்பின் ஒன்றாக வானத்தை மறைத்துக்கொண்டு போயின. முகமெல்லாம் தூசி. எனக்கு ஒரே கொண்டாட்டம். கடைசிப் பெட்டியின் காவலருக்குக் கைகாட்டக்கூட முயன்றேன். அக்கா கையை விடவில்லை. அவள் வளையல் என் தோளில் அழுந்தியது. அவள் உடம்பு கிடுகிடுவென்று ஆடியது. ரயில் ஓடும் அதிர்வு என்று நினைத்தேன். ரயில் போன பிறகும் அது ஏன் நிற்கவில்லை என்று மட்டும் விளங்கவில்லை.

அவள் கையில் இருந்த நூலைப் பார்த்தேன்.

“இதுல சிக்கே இல்லியேக்கா?”

அவள் முந்தானையால் என் முகத்துக் கரியைத் துடைத்தாள்.

அவள் எப்படி அப்படி உட்கார்ந்திருந்தாள் என்பது எனக்கு இன்றைக்கும் அதிசயம். ஓடி வந்தவளுக்கு மூச்சு எங்கே போயிற்று? கத்தியிருந்தால் நான் அங்கேயே திகைத்து நின்றிருப்பேன். அது அவளுக்கு எப்படித் தெரிந்தது? அவளுக்கு அப்போது பிள்ளைகளும் கிடையாது. மெட்ரோ வாசலில் நான் பேசிய பேச்சை நினைத்தால் அந்தக் குரல் இருந்த இடத்தை நினைத்துக்கூடப் பார்க்க முடியவில்லை.

விம்கோ நகர் நடைமேடையில் நாங்கள் காத்திருந்தோம். அம்மா திருவொற்றியூரில் தேடிவிட்டு அடுத்த வண்டியில் வந்தாள். வாசலில் நின்றபடியே எங்களைப் பார்த்துவிட்டாள். அடிப்பாள் என்று எதிர்பார்த்தேன். என் உள்ளங்கையை விரித்து, நூல் அறுத்த சிவப்புக் கோட்டை வெகுநேரம் ஊதிக்கொண்டிருந்தாள். அதற்கடுத்த ரயிலில் எங்களை ஏற்றிவிட்டு அக்கா வெறுங்காலோடு வீட்டுக்குப் போனாள்.

முடிச்சு தெரிந்தால் முழு வரிசையையும் பிரித்துப் போடுகிறவர்கள் அவர்கள். ஆனால் எங்கள் வீட்டுத் திரையில் அறுந்த இடத்து முடிச்சுகளும், கரி ஏறிய வரிசைகளும் கடைசிவரை அப்படியே இருந்தன. யாரும் பிரிக்கச் சொல்லவில்லை.

அன்று எங்கள் ரயில் கத்திவாக்கத்தில் நின்றபோது கத்திவாக்கம் அக்கா நடைமேடையில் நின்றிருந்தாள். எப்போதோ வீடு போய்ச் சேர்ந்திருக்க வேண்டியவள். வருகிற வண்டிகளின் பெட்டி பெட்டியாக எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஜன்னல் கம்பிக்கு இந்தப் பக்கமிருந்து பந்தைத் தூக்கிக் காட்டினேன். அவள் வாயைப் பொத்திக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். எண்ணூரில் எண்ணூர் அக்கா நின்றிருந்தாள். அவளுக்கும் காட்டினேன். கம்பிக்குள் கையை விட்டு என் கன்னத்தைத் தடவிக்கொண்டே ரயிலோடு நடந்து வந்தாள். கண்ணிலிருந்து நீர் கொட்டியது.

இவர்களுக்கு நூலென்றால் எவ்வளவு உயிர் என்று வியந்துபோனேன். அதே சமயம், இத்தனை பாடுபட்டு மீட்டு வந்ததை ஒருத்திகூடக் கையில் வாங்கிப் பார்க்கவில்லையே என்று வருத்தமாகவும் இருந்தது. ஒருவேளை சரியாகத் தெரியவில்லையோ என்னவோ. எண்ணூர் மறைகிறவரை பந்தை இன்னும் உயரத் தூக்கிப் பிடித்துக்கொண்டே இருந்தேன்.