நான் கண்டுபிடித்த நரம்பு

எங்கள் தெருவில் யாரும் எந்த அபிப்பிராயத்தையும் மாற்றிக்கொண்டதாகச் சரித்திரமே கிடையாது. நேற்றுவரை கத்திக்கொண்டிருந்ததை இன்றைக்குச் சொல்லாமல் விட்டுவிடுவார்கள், அவ்வளவுதான். கேட்டால், "நான் எப்பப்பா அப்படிச் சொன்னேன்?" என்று நம்மையே மடக்குவார்கள். குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் செய்துகொண்ட ஆம்பளைக்குத் தறி மிதிக்கும் கால் விளங்காமல் போய்விடும் என்று அந்தக் காலத்தில் சொன்னது யார் என்று இப்போது போய் விசாரித்துப் பாருங்கள். ஒருத்தரும் ஒப்புக்கொள்ள மாட்டார். அதனால் நானே ஒப்புக்கொள்கிறேன். சொன்னவன் நான்தான்.

அறுபதுகளின் கடைசி. காஞ்சிபுரத்துச் சுவர்களில் எல்லாம் குடும்பக் கட்டுப்பாட்டுச் சிவப்பு முக்கோணம் வரைந்திருந்த சமயம். எங்கள் தெருவில் வீட்டுக்கு ஒரு குழித்தறி இருந்தது. குழிக்குள் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்து, நாள் முழுக்க மிதித்துக்கொண்டே இருக்க வேண்டும். கால் போனால் பிழைப்பு போயிற்று. இந்த ஒரு பயத்தை வைத்துக்கொண்டு, தெருமுனை டீக்கடையில் உட்கார்ந்து நாங்கள் ஒரு வைத்திய சாஸ்திரத்தையே எழுப்பிவிட்டோம். கடைக்கு வரும் பேப்பரை உரக்கப் படித்துக் காட்டுகிறவன் நான். எட்டாவது வரை படித்தவன். அந்தத் தகுதியில், இடுப்பிலிருந்து ஒரு நரம்பு நேராகக் கால் கட்டைவிரலுக்கு ஓடுகிறது, ஆபரேஷனில் அதைத்தான் வெட்டுகிறார்கள் என்று அறிவித்தேன். அந்த நரம்பை நான் எங்கே பார்த்தேன் என்று ஒரு ஆள் கேட்கவில்லை. அடுத்த வாரமே அது எந்தக் காலுக்குப் போகிறது, இடதா வலதா என்று தங்களுக்குள் சண்டை போட்டுக்கொண்டார்கள்.

ஒருநாள், மகள் கல்யாணத்துக்குப் புடவை எடுக்கத் திருமுக்கூடல் பக்கத்திலிருந்து வந்த ஒரு விவசாயி, கடையில் டீ குடித்தபடி எங்கள் பேச்சைக் கேட்டுக்கொண்டிருந்தார். பொறுக்க முடியாமல் வாயைத் திறந்தார். "இன்னாப்பா பேசிக்கினு இருக்கீங்க? எங்க ஊர்ல காயடிச்ச மாடுதான் ஏர் இழுக்குது. காலு போச்சா அதுக்கு? இந்த ஆபரேஷன்ல அவ்ளோகூட கிடையாதாமே."

"மாடு தறி நெய்யுமா பெரியவரே?" என்று கேட்டேன்.

கடையே சிரித்தது. அவர் தம்ளரை வைத்துவிட்டு எழுந்து போய்விட்டார். அன்று முழுவதும் எனக்குத் தலை கால் புரியவில்லை. அந்த ஒரு கேள்வியால் வாதத்தில் ஜெயிக்க முடிந்தது என்றால், அங்கே கூடியிருந்த கூட்டத்தின் லட்சணத்தை நீங்களே ஊகித்துக்கொள்ளலாம்.

எங்களிடம் சாட்சி வேறு இருந்தது. தெருக்கோடியில் ஒருவர் துணிந்து ஆபரேஷன் செய்துகொண்டிருந்தார். தறியில் ஒவ்வொரு இழைக்கும் பலகையை இழுத்து அடிக்கும் சத்தம் வாசல்வரை கேட்கும் அல்லவா? அவர் வீட்டைத் தாண்டும்போதெல்லாம் நின்று காதைக் கொடுப்போம். "கேட்டியாப்பா, அடியில உசுரே இல்ல" என்று தலையை ஆட்டிக்கொள்வோம். கல்யாணம் ஆன நாளிலிருந்தே அந்த மனிதர் அப்படித்தான் நெய்தார். சுத்தச் சோம்பேறி. அது எங்கள் எல்லோருக்கும் தெரியும். தெரிந்தும் நின்று கேட்டோம்.

என் மனைவிக்கு மூன்றாவது பிரசவத்தில் உதிரப்போக்கு நிற்கவில்லை. பிழைத்ததே பெரிய காரியம். இன்னொன்று தாங்க மாட்டாள் என்று ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார். நான் வீட்டில் வந்து அவளிடமும் நரம்பைப் பற்றி ஆரம்பித்தேன். அவள் பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு நிதானமாகக் கேட்டுவிட்டுச் சொன்னாள்: "நான் செத்துப்போனா இந்த மூணுக்கும் யாரு சோறு ஆக்கிப் போடுவா? உங்க காலா? அந்தக் காலைக் கட்டிக்கினு நீங்களே இருங்க. நான் எங்கம்மா வீட்டுக்குப் போறேன்."

சொன்னதைச் செய்கிறவள். என்னை மாற்றியது அறிவு என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். பயம்தான். அடுத்த வைகாசியில், கருடசேவை முடிந்த வாரம், சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணம் என்று தெருவில் சொல்லிவிட்டு, செங்கல்பட்டுக்குப் பஸ் ஏறினேன். உள்ளூரில் செய்துகொள்ளும் துணிச்சல் எனக்கு ஏது? திரும்பி வந்து, வேனல்கட்டி, குழியில் உட்கார முடியவில்லை என்றேன். தெருவே உருகிப்போயிற்று. ஆளுக்கு ஒரு பச்சிலையைச் சொன்னார்கள். பத்து நாள் கழித்துத் தறியில் இறங்கி, முதல் மிதி மிதித்தபோது எனக்கு உடம்பெல்லாம் வியர்த்தது. கால் இருந்த இடத்தில் இருந்தது. மாலைக்குள் வழக்கமாக நெய்கிற அளவை நெய்துவிட்டேன். நான் கண்டுபிடித்த நரம்பு அன்று சாயங்காலம் எனக்குள் செத்தது. அதற்கு நான் வெளியே துக்கம் சொல்லி அனுப்பவில்லை.

டீக்கடைக்கு மட்டும் வழக்கம்போலப் போனேன். சிவப்பு முக்கோணத்தைப் பற்றிப் பேச்சு வந்தால் முன்னைப்போலவே உதட்டைப் பிதுக்கினேன். வீட்டில் அடுத்த பிள்ளை வரவில்லையே என்று யாராவது சந்தேகப்படுவார்களோ என்று பயந்தேன். அவர்களோ, "மனசை அடக்கத் தெரிஞ்ச ஆளுப்பா" என்று எனக்குச் சாமியார் பட்டம் கட்டினார்கள். அதையும் வாங்கிக்கொண்டேன்.

அடுத்த வீட்டுக்காரன் என் வயதுக்காரன். இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். என் தறிச் சத்தம் அவனுக்கும், அவன் தறிச் சத்தம் எனக்கும் கேட்டுக்கொண்டே இருக்கும். நான் வாயைத் திறந்தால் அப்படியே நம்புகிற ஆள். அவனுக்கு நாலு பிள்ளைகள். நாலாவதில் அவன் மனைவிக்கு ஜன்னி கண்டு, மயிரிழையில் தப்பினாள். இனி வேண்டாம் என்று நர்சம்மா வீடு தேடி வந்து சொல்லிவிட்டுப் போனார். தீபாவளிப் புடவைகள் எல்லாம் கைவிட்டுப் போய்த் தெரு ஓய்ந்திருந்த ஐப்பசி அது. அவன் நேராக டீக்கடைக்கு வந்தான்.

"ஆபரேஷன் பண்ணிக்கலாம்னு பார்க்குறேன். நீ இன்னாப்பா சொல்றே? நீ சொன்னா சரி."

சுற்றிலும் நாலைந்து பேர். எல்லோரும் என் வாயைப் பார்த்தார்கள். நான் பதில் சொல்வதற்குள் ஒருத்தர் முந்திக்கொண்டார். "அந்தத் தெருக்கோடி ஆளைப் பாரு, இவனைப் பாரு. சுவத்துக்கு அந்தாண்ட நீயே கேட்டுக்கினுதானே இருக்கே? இன்னா அடி அடிக்கிறான்! கத்தி படாத உடம்புப்பா அது."

என் தொடையிடுக்கில் தழும்பு இருந்தது. ஐந்து மாதத் தழும்பு. எழுந்து, "போங்கடா மடையனுங்களா" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். என்ன நஷ்டம்? நாலு நாள் சிரித்திருப்பார்கள். பேப்பர் படிக்கிற வேலை வேறு யாருக்காவது போயிருக்கும். இந்த இரண்டுக்கும் பயந்துகொண்டு, "தறியில உக்கார்றவனுக்கு ஆகாதுப்பா" என்றேன்.

அவன் தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டான். அன்று சாயங்காலம் நான் நன்றாகச் சாப்பிட்டேன். அதையும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

மாசியில், அடுத்த வீட்டுக்காரி முழுகாமல் இருக்கிறாள் என்று என் மனைவி சொன்னாள். சொல்லிவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தாள். டீக்கடையில் நான் சொன்ன பதில் அவளுக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் அன்றே சுவரைத் தாண்டிப் போய்க் கத்தியிருப்பாள். நான் தெரியவிடவில்லை. எல்லாம் நல்லபடியாக நடக்கும் என்றேன். கார்த்திகையில், ஐந்தாவது பிரசவத்தில், அவன் மனைவி போய்விட்டாள். குழந்தையும் தங்கவில்லை. டீக்கடை மொத்தமும் வந்து சுடுகாடுவரை நடந்தது. வழியில் எல்லோரும் விதியைத்தான் பேசினார்கள். எங்கள் ஆட்கள் தங்களை விட்டுவிட்டு மற்ற எல்லாவற்றின்மீதும் பழி போடுவார்கள். நானும் அவர்களோடு நடந்தேன். நானும் விதி என்றேன்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து, வந்தவர்கள் கலைந்த பிறகு, மத்தியானம் அவன் வீட்டுக்குப் போனேன். அவன் தறிக்குழியின் ஓரத்தில் சும்மா உட்கார்ந்திருந்தான். பிள்ளைகளை என் மனைவி சாப்பிட அழைத்துப் போயிருந்தாள். அவன் அடிக்க வேண்டும், காறித் துப்ப வேண்டும் என்று எனக்கு ஆசையாக இருந்தது. அதுவும் என் பாரத்தை இறக்கிவைக்கிற சுயநலம்தான்.

"நான் அந்த ஆபரேஷன் பண்ணிக்கினேம்பா" என்றேன். "எனக்கு ஒண்ணும் ஆவல."

அவன் முதலில் என் காலைப் பார்த்தான். இரண்டு காலையும் மாறி மாறிப் பார்த்தான். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அவன் கண் கலங்கவில்லை.

"எப்போ?"

"போன வருஷம். கருடசேவை முடிஞ்ச வாரம்."

அவன் என்மேல் கோபமாக இருப்பதாகத் தெரியவில்லை. ஏதோ ஒன்றைத் தான்தான் தப்பாக ஞாபகம் வைத்திருக்கிறோமோ என்கிற மாதிரி, குரலை இறக்கி, என்னிடமே கேட்டான்.

"நான் உன்னை வந்து கேட்டது ஐப்பசியிலதானேப்பா?"