மாற்று மருந்து

அம்மாவும் நானும் கடைசியாகச் சேர்ந்து செய்த வேலை, ரத்தம் பார்க்கும் கண்ணாடித் தகடுகளைக் கழுவியது. சிறிய சுகாதார நிலையமொன்றில் அம்மா மலேரியாவுக்கு ரத்தம் பார்த்தாள். மாத்திரை முடித்த பிள்ளைகளையும் திரும்ப வரச்சொல்லி விரலில் குத்துவாள். பிள்ளைகள் அவளுக்கு வைத்த பெயர் 'ஊசி அத்தை'.

தகடு கழுவிய அன்று தச்சரின் மகளுக்கு மறுபடியும் காய்ச்சல். ஒரு வேளைகூட விடாமல் மாத்திரை சாப்பிட்டிருந்தாள். ஆனாலும் தகட்டில் கிருமி அப்படியே இருந்தது.

"இந்த மருந்துக்குக் கிருமி பழகிப்போச்சு தம்பி," என்றாள் அம்மா தச்சரிடம்.

"அப்ப வேற குடுங்கக்கா."

"அலமாரியில இது ஒண்ணுதான் இருக்கு."

"கிருமிக்குப் பழகிடுச்சு, எனக்கு மட்டும் இன்னும் கசக்குதே அத்தை," என்றாள் சிறுமி.

அம்மா சிரித்துவிட்டு அதே மாத்திரையைக் கொடுத்தாள். மருந்தியல் படித்த எனக்கும் அன்றைக்கு வேறு வழி தெரியவில்லை.

மாற்று மருந்து பெரிய மருத்துவமனையில் இருந்தது. ஆய்வகப் பணியாளர் தகட்டோடு நேரில் போனால்தான் தருவார்கள். மறுநாள் காலையில் போய் வாங்கி வருவதாக அம்மா தச்சரிடம் சொன்னாள். காலையில் அம்மா எழுந்திருக்கவில்லை; தூக்கத்திலேயே போய்விட்டிருந்தாள்.

தகட்டை எடுத்துக்கொண்டு நான் போனேன். பணியாளர் அட்டை கேட்டார்கள்; என்னிடம் இல்லையென்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். சுகாதார நிலையத்தில் அம்மாவின் இடத்துக்கு இன்னும் ஆள் வரவில்லை. சிறுமிக்குக் காய்ச்சல் ஏறிக்கொண்டிருக்கிறது. அம்மா வாங்கி வருவதாகச் சொன்ன மருந்து இன்னும் அங்கேதான் இருக்கிறது.