பலகைச் சீலிங்கில் ஆறு விளக்குகள்

பிள்ளைகளே, நம் பழைய வீட்டுப் பலகைச் சீலிங்கில் பதிக்கிற விளக்குகளைப் பொருத்த அக்குறணையிலிருந்து ஒரு வயரிங்காரர் வந்தார். மெலிந்த மனிதர்; அண்ணன் என்கிற பொருளில் ‘நானா’ என்று கூப்பிட்டேன். இடக்கையில் இரண்டு விரல்கள் வெந்து ஒட்டிப்போயிருந்தன. எந்த வேலையையும் முகர்ந்து பார்த்துத்தான் தொடங்குவார்.

முதல் துளையை வெட்டியதும் அதில் மூக்கை வைத்தார். பிறகு கையை விட்டு, எலிக்கூட்டுப் பஞ்சையும் எலி கடித்த வயரையும் இழுத்துக் காட்டினார்.

“இந்த பல்பு அடுப்பு மாதிரி சுடும். கீழ ஆரு படுக்கிற?”

“பிள்ளைங்கதான், நானா. பஞ்ச தள்ளிட்டுப் போடுங்க. தீபாவளிக்கு ஆளுங்க வர்றாங்க.”

“பேராதனையில ஒரு வீட்டுக்காரரும் இப்பிடித்தான் அவசரப்படுத்தினார். நானும் போட்டுக் குடுத்தன்.”

“பொறகு?”

“வீட்ட திரும்பக் கட்டிட்டாங்க. புள்ளய காப்பாத்த ஏலாம போச்சு.”

புது வயர் இழுக்காமல் போடமாட்டேன் என்று ஏணியை மடக்கினார். “பயந்தாங்கொள்ளி” என்று அவர் காதுபடவே சொன்னேன். ஏணியைத் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

மறுநாள் வேறொருவர் வந்து பழைய வயரிலேயே ஆறு விளக்குகளையும் பொருத்தினார். தீபாவளிக்கு வந்தவர்கள் சுவிட்சைத் தட்டித் தட்டிப் பார்த்தார்கள். அந்த விளக்குகளின் பியூஸைக் கழற்றி நான் சட்டைப்பையில் வைத்திருந்தேன்.