சுத்தியல் படாத வண்டி

கார் பட்டறையில் அவருக்குத் தடவி என்று பேர். நசுங்கிய தகரத்தை மற்ற டிங்கர்கள் கண்ணால் பார்ப்பார்கள். இவர் கண்ணை மூடிக்கொண்டு உள்ளங்கையால் தடவுவார். எங்கே பள்ளம், எங்கே மேடு என்று கை சொல்லிவிடும். இந்தப் பேரைக் கேள்விப்பட்டு, பெண் கொடுக்க இருந்தவர்கள் பின்வாங்கப் பார்த்தார்களாம். அதை அவரே சொல்லிச் சிரிப்பார்.

அவர் யாரிடமும் சொல்லாதது ஒன்று உண்டு. முப்பத்தோரு வருடத்துக்கு முன்பு, விடியற்காலையில் பேப்பர் போடப் போன அவருடைய தம்பியை ஏதோ ஒரு கார் சைக்கிளோடு அடித்துத் தள்ளிவிட்டு நிற்காமல் போய்விட்டது; தம்பி அங்கேயே இறந்துபோனான். பட்டறைக்குச் சேதி வந்தபோது மத்தியானம். அதற்குள் தடவி ஒரு வேலையை முடித்திருந்தார். பாலாடை நிறக் கார், இடது பக்க முன் மட்கார்டு நசுங்கல். வீட்டு கேட்டில் இடித்துவிட்டேன், அவசரம் என்றான் டிரைவர். பள்ளத்தில் நீலப் பெயின்ட் கோடு ஒன்று ஒட்டியிருந்தது. அதைத் தேய்த்து எடுத்து, தகரத்தை நிமிர்த்தி, பெயின்டரிடம் தள்ளிவிட்டார்.

தம்பியின் சைக்கிளும் நீலம். அன்று சாயங்காலம் அது வளைந்து கிடந்ததைப் பார்த்தபோதுதான் அவருக்கு உறைத்தது.

ஊரில் நீல கேட்டா இல்லை? அந்த ஒரு கேட்டைப் பிடித்துக்கொண்டுதான் மனிதர் இத்தனை காலத்தையும் ஓட்டினார். போலீசில் சொல்லியிருக்கலாம். சொன்னால், அடையாளத்தை அழித்த கை யாருடையது என்று கேட்பார்களே. பயந்தாங்கொள்ளி என்று நான் திட்டுவது சுலபம். அவர் இடத்தில் நான் இருந்ததில்லை. தம்பி மகளுக்கு அப்போது ஒன்றரை வயது. அவளைத் தன் பெண்ணாகவே வளர்த்து ஆளாக்கினார். அந்தக் காரைத் தேடிப் போகத் துணிவில்லை. ஆனால் வழியில் அதே மாடல் எது நின்றாலும், மட்கார்டுக்கு அடியில் கை தானாகப் போய்விடும்.

அந்தத் தம்பி மகள்தான், பெரியப்பாவுக்குக் கார் என்றால் உயிராயிற்றே என்று பழைய கார் கண்காட்சிக்கு டிக்கெட் வாங்கினாள். கடைசியில் ஏலமும் உண்டு. முகம் பார்க்கலாம் போல நாற்பது கார்கள் வரிசையாக நின்றன. ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்த தடவி, "இதுல பாதி தகரம், பாதி பள்ளத்தை அடைச்ச பட்டி" என்று அவள் காதில் ஓதினார். அவள் விழுந்து விழுந்து சிரித்தாள்.

நடு வரிசையில் பாலாடை நிறத்தில் ஒன்று நின்றது. தடுப்புக் கயிற்றுக்கு இந்தப் பக்கமிருந்தே குனிந்து இடது மட்கார்டுக்கு அடியில் கையை விட்டார். வெளிப்பக்கம் வழவழவென்று இருந்தால் போதும், உள்பக்கத்தை எவன் பார்க்கப் போகிறான் என்று விட்டுவிடுவது டிங்கர்களின் வழக்கம். அவருடைய அந்தக் காலத்துச் சுத்தியல் ஓரம் உடைந்தது. அடித்த இடத்திலெல்லாம் நகம் பதிந்தாற்போல் ஒரு பிறை விழும். உள்ளே பிறைகள் இருந்தன.

காரின் சொந்தக்காரர், நாற்பது வயதுக்காரர், தொடக்கூடாது என்று ஓடிவந்தார். அவருடைய தாத்தா வாங்கிய வண்டியாம். கம்பெனியிலிருந்து வந்தபடியே இருக்கிறதாம், சுத்தியலே படவில்லையாம். பெருமையாகப் பக்கத்துப் பலகையைக் காட்டினார். பழைய போட்டோ ஒன்றில் காரும் பின்னால் வீடும் இருந்தன. வாசலில் இரண்டு தூண்கள், நடுவில் ஒரு சங்கிலி.

"கேட் எங்கே?" என்று கேட்டார் தடவி.

"அந்த வீட்டுக்குக் கேட்டே கிடையாதுங்க. தாத்தா கடைசி வரைக்கும் போடவே இல்ல."

அந்த மனிதருக்கு ஒன்றும் தெரியாது என்பது பேச்சிலேயே தெரிந்தது. தடவியால் அவர்மேல் கோபம்கூடப் பட முடியவில்லை.

ஏலக் கூடத்தில் அந்தக் கார் மேடையேறியது. ஒரு கீறல் கிடையாது என்று ஏலம் விடுபவர் திரும்பத் திரும்பச் சொல்ல, கைகள் உயர்ந்துகொண்டே இருந்தன. பெரியப்பாவின் முகம் வெளிறியிருப்பதைப் பார்த்து, உடம்புக்கு என்ன என்று கேட்டாள் பெண்.

"இதை நான்தாம்மா நிமித்தினேன். உங்கப்பா போன அன்னிக்குக் காலையில. அப்ப எனக்குத் தெரியாது. சாயங்காலம் தெரிஞ்சுது. அப்புறமும் நான் யார்கிட்டயும் சொல்லல."

அவளுக்குப் புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. புரிந்த பிறகும் அழவில்லை. மேடையைப் பார்த்தபடியே பேசினாள்.

"நசுங்கின வண்டி ஏதாவது சிக்குச்சான்னு கேக்க, அம்மா ரெண்டு வருஷம் ஸ்டேஷனுக்கு அலைஞ்சாங்க. ஒவ்வொரு தடவையும் கூட்டிட்டுப் போனது நீங்கதானே பெரியப்பா?"

"ஆமாம்மா."

"பெஞ்சுல அவங்க பக்கத்துலயே உக்காந்திருந்தீங்களா?"

"உக்காந்திருந்தேன்."

அவள் கைப்பையை எடுத்துக்கொண்டு நாலு நாற்காலி தள்ளிப் போய் உட்கார்ந்தாள்.