லாச்சி திறந்தபடி போன வண்டிகள்

காருக்குப் பின்னால கொழுவி இழுக்கிற வீட்டு வண்டியளை வாடகைக்குக் குடுக்கிற வேலையில, திரும்பி வாற வண்டியைவிட வெளிக்கிடுற வண்டிக்குத்தான் கூடப் பயப்பிட வேணும். ஹனோவருக்குப் பக்கத்தில ஒரு வளவில ஆறு வருசமா நான்தான் ஆக்களுக்கு வண்டியைக் காட்டி, சாவி குடுத்து அனுப்பினனான். எங்களிட்ட அமெரிக்காவில இருந்து இறக்கின நாலு பெரிய வண்டி இருக்கு. சுவிச்சை அமத்தினால் பக்கச் சுவரில ஒரு துண்டு, சோபா யன்னல் எல்லாத்தோடையும், ஒரு மீற்றர் வெளியால தள்ளிக்கொண்டு வரும். மேசை லாச்சியை இழுத்துவிட்ட மாதிரி இருக்கிறதால நான் அதை லாச்சி எண்டுதான் சொல்லுறது. றோட்டில ஓடேக்க அது உள்ளுக்க இருக்க வேணும், அவ்வளவுதான். ஆக்களோட மாரடிக்கிற வேலை பாக்கிற உங்களுக்கே இதைக் கேக்க, "இதைப் போய் ஆரும் மறப்பினமே?" எண்டிருக்கும். கேளுங்கோ.

கேற் தூண்

பென்சன் எடுத்த ஒரு ஜெர்மன் சோடி வந்தவை. லாச்சியைத் திறந்து காட்டினன். மனுசி சோபாவில இருந்து பாத்திட்டு, நல்ல சந்தோசத்தோட காரில போய் ஏறினா. பூட்டப்போற நேரம் எனக்குப் போன் வந்திட்டுது. நான் கதைச்சு முடிக்கமுன்னம் மனுசன் வண்டியை எடுத்திட்டார். டமார்! கேற் தூண் முறிஞ்சு விழ, லாச்சியின்ர சுவர் கிழிஞ்சு, சோபா றோட்டைப் பாத்துக்கொண்டு நிக்குது. நான் போனைப் போட்டிட்டு ஓடுறன். அந்த மனுசனோ ஆறுதலா இறங்கி வந்து, "காத்தடிக்குது எண்டு நினைச்சன்" எண்டார்.

எங்கட முதலாளியம்மா கத்தேல்லை. கத்தியிருந்தால் பரவாயில்லை. ஜெர்மனிக்கு வந்த நாளில இருந்து றெஸ்ரோரண்டில சட்டி கழுவின கை என்ர கை. வேலை முடிச்சுப் பாஷை படிச்சு, சோதினை எழுதி, சேட்டில பெயர் குத்திக்கொண்டு ஆக்களோட கதைக்கிற வேலையை எடுத்தனான். அது அவவுக்கும் நல்லாத் தெரியும். தெரிஞ்சுகொண்டுதான் சொன்னவ: "சாந்தி, இது மறதி எண்டு விடுறன். இன்னொரு வண்டி உன்ர கையால திறந்தபடி போனால், நீ வண்டி கழுவுற பக்கம்."

பின்பக்கக் கமரா

கார்ல்ஸ்ரூஹேயில கொம்பியூட்டர் வேலை செய்யிற தமிழ்நாட்டுத் தம்பி ஒருத்தரும் மனுசியும் எடுத்த வண்டியை நான் மூண்டுதரம் சுத்தி வந்து பாத்துத்தான் விட்டனான். மூண்டாம் நாள் போன். கூடாரம் அடிக்கிற இடத்தில இருந்து வெளிக்கிடேக்க லாச்சியைப் பூட்ட மறந்து, ஊருக்குள்ளால நடைபாதைக்கு மேல சுவரை நீட்டிக்கொண்டு போயிருக்கினம். பஸ் தரிப்பிடத்தில ஒரு தாய், கைக்குழந்தையைத் தள்ளுவண்டிலில வைச்சுக்கொண்டு நிண்டிருக்கிறா. கத்திக்கொண்டு வண்டிலைப் பின்னுக்கு இழுத்தவ. ஒரு சாண் தான் இடைவெளி. ஐயோ கடவுளே, பிள்ளைக்கு ஒண்டும் இல்லையே எண்டு நான் ரெண்டுதரம் கேட்டன். ஒண்டும் இல்லை எண்டவர், நியாயத்தை மட்டும் விடுறேல்லை: "ரியர் கேமரால பேக் சைடு ஃபுல்லா கிளியரா இருந்துச்சு மேடம், சைடுல வீடு வருதுன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

பத்தரைக்கு முன்னம்

மற்றவையைப் பாத்துச் சிரிச்சது போதும், இது என்ர பிழை. எனக்குத் தெரிஞ்ச ரவி அண்ணையும் அவரின்ர மனுசி அக்காவும் கோயில் தேருக்குப் போக வண்டி எடுத்தவை. வெள்ளிக்கிழமை. பத்தரைக்கு ராகுகாலம், அதுக்கு முன்னம் சில்லு உருள வேணும். வந்ததே பத்து மணிக்கு. தேசிக்காயை எல்லா ரயருக்கும் கீழ வைச்சு, தேங்காய் உடைச்சு, கற்பூரத் தட்டை என்ர கையில தந்தாச்சு. காட்டத் திறந்த லாச்சி இன்னும் திறந்துதான் கிடக்கு. பூட்டுற சுவிச் உள்ளுக்க. நான் தட்டோட வெளியால. "சாந்தி, கெதியாக் காட்டும், நாலு நிமிசம்தான் கிடக்கு!" எண்டு அக்கா அந்தரப்படுத்துறா. காட்டினன். அண்ணை காரை எடுத்தார். எல்லாரும் குனிஞ்சு தேசிக்காயைத்தான் பாக்கிறம். நசிஞ்சிட்டுது, நல்லா நசிஞ்சிட்டுது எண்டு நானும் தட்டோட நிண்டு துள்ளுறன்!

எங்கட மெக்கானிக் ஊவே பக்கத்தில குனிஞ்சு தேங்காய்ச் சிரட்டை பொறுக்கிக்கொண்டு நிண்டவர். லாச்சி அவரின்ர தலைக்கு நேரா வருது. நான் தட்டை எறிஞ்சுபோட்டு, "ஊவே!" எண்டு கத்தினது எனக்கே கேக்கேல்லை. மனுசன் தொப்பெண்டு குப்புற விழுந்தார். லாச்சி அவருக்கு மேலால போய் நிண்டுது. கொஞ்ச நேரம் அவர் அசையேல்லை. செத்துப்போனார், நான்தான் சாகடிச்சுப்போட்டன் எண்டுதான் நினைச்சன். பிறகு மெல்ல உருண்டு வெளியால வந்தார், முகமெல்லாம் தேங்காய்த் தண்ணி. நான் அவரைக் கட்டிப்பிடிச்சு அழுறன். அந்த நேரம் பாத்து அக்கா மணிக்கூட்டைப் பாத்தா: "ராகுகாலம் தொடங்கிட்டுது, இனிப் பன்ரெண்டுக்குப் பிறகுதான் வெளிக்கிட ஏலும்."

கந்தோர் கதவு

வண்டியில ஒரு கீறல் இல்லை. கேற்றையும் தாண்டேல்லை. முதலாளியம்மா கந்தோருக்குள்ள போனில இருந்தவ. "ஆரும் காணேல்லை, நான் வாய் திறக்கமாட்டன்" எண்டு ஊவே சத்தியம் பண்ணினார். அவர் நல்ல மனுசன், அதுதான் எனக்கு மறைக்க ஏலாமல் போச்சு. அவர் ஒரு செக்கன் பிந்தியிருந்தால் அவரின்ர மனுசிக்கு நான் என்ன சொல்லியிருப்பன்? அந்த ஒண்டரை மணித்தியாலமும் கந்தோர் கதவுக்கு முன்னால நடந்துபோட்டு, பன்ரெண்டு அடிக்கப்போற நேரம் உள்ளுக்க போய் எல்லாத்தையும் சொன்னன். லாச்சியைப் பூட்டாமல் விட்டது நான்தான் எண்டும் சொன்னன். முதலாளியம்மா என்ர சேட்டில இருந்த பெயரைப் பாத்துக்கொண்டு சொன்னா: "நீ சொல்லாட்டி எனக்குத் தெரிஞ்சே இராது, சொன்னபடியால் இனி நான் பேசாமல் இருக்க ஏலாது."

இப்ப நான் வண்டி கழுவுறன், லாச்சியை முழுக்கத் திறந்து விட்டால்தான் வடிவாக் கழுவலாம், அதால இந்த வேலையில மட்டும் என்னில பிழை பிடிக்க ஒருத்தராலும் ஏலாது.