ஒன்பதாம் வகுப்பு கேட்ட தலைவி

கல்விச் சீர் ஊர்வலத்தின் மேளம் கடைத்தெரு முக்கில் சட்டென்று நின்றுபோன அந்தக் காலை எனக்கு இன்னும் மறக்கவில்லை. தாய்மாமன் வீட்டுச் சீர்போல, ஊரார் தட்டு ஏந்தி அரசுப் பள்ளிக்குப் பொருள் கொண்டுவரும் வழக்கம் எங்கள் புதுக்கோட்டைப் பக்கத்தில் நன்றாக வேரூன்றிவிட்டது. மணமேல்குடிக்குப் போகும் சாலையில் இருக்கும் எங்கள் ஊருக்கு அதுதான் முதல் சீர். பெஞ்சுகளும் மின்விசிறிகளும் மாலை போட்டுக்கொண்டு வண்டியில் காத்திருந்தன. வயல்காரக் குடும்பங்கள் ஒரு பக்கம், மீன்பிடித் தெருவார் ஒரு பக்கம், பள்ளிவாசல் ஜமாஅத்தார் ஒரு பக்கம் என்று மூன்று தெருவிலிருந்தும் வந்தவர்கள் முக்கில் சந்தித்ததும், எந்தத் தெருத் தட்டு முன்னே போவது என்ற கேள்வி வந்துவிட்டது. முதல் மரியாதை என்று வந்துவிட்டால் எங்கள் ஊர்க்காரர்கள் சாமியையே வெயிலில் நிறுத்திவைப்பார்கள். பள்ளிக்கூடம் எம்மாத்திரம்?

நான் அந்த நடுநிலைப் பள்ளியில் ஆசிரியை. எங்கள் பள்ளி எட்டாம் வகுப்போடு முடிந்துவிடும். அதற்குமேல் படிக்க அடுத்த ஊருக்குப் போக வேண்டும். சாயங்காலம் திரும்பிவர பஸ் கிடையாது. பையன்கள் எப்படியோ தொற்றிக்கொண்டு வந்துவிடுவார்கள். பெண்பிள்ளைகளை வீட்டில் நிறுத்திவிடுவார்கள். பள்ளியை உயர்நிலைப் பள்ளியாகத் தரம் உயர்த்த ஊர்ப் பங்களிப்பாகப் பணம் கட்ட வேண்டும், வகுப்பறைக்கு வேண்டிய சாமான்களும் காட்ட வேண்டும். இதற்காக அலைந்தவர் எங்கள் பள்ளி மேலாண்மைக் குழுவின் தலைவி. கணவர் வளைகுடாவில். ஒரே மகள் எட்டாம் வகுப்பில். படிக்கிற பிள்ளையின் தாயைத்தான் தலைவியாக வைக்க வேண்டும் என்பது விதி. காட்டிய இடத்தில் கையெழுத்துப் போடுவார், வம்பு இல்லை என்று நினைத்து ஊர்ப் பெரிய மனிதர்கள் அவருக்குக் கைதூக்கினார்கள். நல்லா நினைத்தார்கள் போங்கள்! முதல் கூட்டத்திலேயே அவர், “பெயிண்டு அடிக்கிறது, வாசலுக்கு இரும்புக் கேட்டு போடுறதெல்லாம் அங்கிட்டு இருக்கட்டும். ஒம்போதாப்பு எப்ப வரும்னு பேசுங்க” என்றார். அன்றிலிருந்து எல்லாக் கூட்டத்திலும் அதே பேச்சுதான்.

அப்படி வீடு வீடாக ஏறி இறங்கிச் சேர்த்த சீர்தான் முக்கில் நின்றுபோனது. தட்டுகளைத் திருப்பிக்கொண்டு போய்விடலாம் என்று இரண்டு பேர் சொல்லத் தொடங்கிவிட்டார்கள். எனக்கோ கோபம் மூக்குக்கு மேல். வாயைத் திறந்தால் காரியம் கெட்டுவிடும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். தலைவி கூட்டத்துக்கு நடுவில் வந்தார். குரலை உயர்த்தவே இல்லை. “சீருன்னா யாரு முன்னாடி வரணும்? தாய்மாமன்தானே? எட்டாப்புப் பொம்பளப் புள்ளைக எல்லாம் இந்தா நிக்கிதுக. யார் யாரு மாமனோ, அவுகவுக புள்ள கையப் புடிச்சுக்கிட்டு முன்னாடி வாங்க. மத்தவுக பின்னாடி வாங்க.”

மாமன் முறையை மறுத்துப் பேச இந்த மண்ணில் யாருக்கு வாய் வரும்? மூன்று தெருவிலும் எட்டாம் வகுப்புப் பெண்கள் இருந்தார்கள். மூன்று தெருவிலிருந்தும் மாமன்மார் வந்து ஒரே வரிசையில் நின்றார்கள். முதல் தட்டு எனக்குத்தான் என்று சண்டை போட்ட பெரியவர் ஒருவர் என் காதோரம் வந்து, “டீச்சர், எந் தங்கச்சி மக ஏழாப்பா, எட்டாப்பா?” என்று கேட்டார். ஏழு என்றேன். முகம் தொங்கிப்போய்ப் பின்னால் போனார். தலைவிக்கு உடன்பிறந்தவர் கிடையாது. அவருடைய மகள் மட்டும் தனியாக நின்றாள். மருமகளை ஒரு கையில் பிடித்திருந்த மீன்பிடித் தெருக்காரர் ஒருவர் மறு கையை நீட்டி, “நீயும் வா, ஆத்தா” என்றார். மேளம் மறுபடி முழங்கியது.

பணம் கட்டியாயிற்று, கோப்பும் போயிற்று. ஆனால் அந்த ஜூனில் ஆணை வரவில்லை. எட்டாம் வகுப்பு முடித்த பெண்கள் வீட்டில் உட்கார்ந்தார்கள், தலைவியின் மகளும்தான். மகளை வெளியூரில் சொந்தக்காரர் வீட்டில் தங்கவைத்துப் படிக்கவைக்கலாமே என்று நானே அவரிடம் சொன்னேன். “எம் புள்ளைய மட்டும் கரையேத்திட்டுப் போயிட்டேன்னா, மத்த புள்ளைகளுக்காக நான் பேசுற பேச்ச யாரு டீச்சர் நம்புவாக?” என்று கேட்டார். மகள் பள்ளியை விட்டதும் விதிப்படி அவருடைய பதவியும் போனது. வேறொரு தாய் தலைவியானார். இவர் மட்டும் புதுக்கோட்டைக்குப் போய்க் கல்வி அலுவலக வாசலில் கால் கடுக்க நிற்பதை நிறுத்தவில்லை. நீங்கள் யார் என்று அங்கே கேட்டால், ஒன்பதாம் வகுப்புக்குக் காத்திருக்கும் பிள்ளையின் தாய் என்பாராம். பதவியில் இருக்கும்போது அலைகிறவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். எதுவும் இல்லாமல் இப்படி அலைந்த இன்னொருவரை என் வேலைக் காலத்தில் பார்த்ததில்லை.

அடுத்த ஆண்டு ஆணை வந்தது. தொடக்க விழாவுக்கு மேடை, பந்தல், சால்வை எல்லாம் அமர்க்களம். அழைப்பிதழில் ஊரில் இருக்கிற பெயரெல்லாம் இருந்தது, அவர் பெயர் இல்லை. நான் மேடைக்குப் பின்னால் போய்ச் சத்தம் போட்ட பிறகுதான், “ஐயையோ, அவுகளக் கூப்பிடுங்க” என்று ஆள் தேடினார்கள். அவர் பந்தலில் இல்லை. பள்ளி அலுவலக அறை வாசலில் மகளோடு நின்றுகொண்டிருந்தார். போன வருடம் நாங்கள் கொடுத்த மாற்றுச் சான்றிதழ் மடிப்புக் கலையாமல் அவர் கையில் இருந்தது.

“மேடைக்கு வாங்க, சால்வை போடணுமாம்” என்றேன்.

“அது கெடக்கட்டும் டீச்சர். எல்லாரும் மேடையில இருக்காக, இங்க ஒருத்தரும் இல்ல. மொதல்ல எம் மகளச் சேத்துக்கிடுங்க.”

நான் அந்தப் பெண்ணைப் பார்த்தேன். ஒரு வருடத்தில் நன்றாக வளர்ந்திருந்தாள். “உன்னைவிடச் சின்னப் பிள்ளைகளோட உட்காரணுமேடா” என்றேன்.

“பரவாயில்ல டீச்சர். எங்கம்மா வாங்கின வகுப்பு” என்றாள்.

நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து சேர்க்கைப் பதிவேட்டைத் திறந்தேன். ஒன்பதாம் வகுப்பு என்று எழுதி, அதன் கீழே அவள் பெயரை எழுதினேன். பந்தலில் யாருக்கோ கை தட்டினார்கள். அந்தத் தாய் திரும்பிப் பார்க்கவில்லை. எழுத்து காய்கிறவரை பதிவேட்டை மூட வேண்டாம் என்று மட்டும் சொன்னார்.